இரண்டு கை தூரத்தில் நின்ற நாய்

"கயிறு அவிழ்க்கப்பட்ட நாய், ஹேண்ட்லரின் அழைப்புக்கு உடனே திரும்ப வேண்டும். திரும்பியதும் கழுத்துப்பட்டையில் கொக்கியை மாட்ட வேண்டும். ஒரே தேடுதலில் மூன்றாம் அழைப்புக்கும் திரும்பாத நாய், தவறியதாகக் கருதப்படும். இருமுறை தவறிய நாய் பணிக்குத் தகுதியற்றது."

எங்கள் நாய்ப் பிரிவின் கையேட்டில் இருந்த விதி இது. மலாயில் இருந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கருணை எதையும் நானாகச் சேர்க்கவில்லை. தகுதியற்ற நாயை என்ன செய்வது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அங்கே போட்டிருந்த சொல் "அகற்றுதல்". உடைந்த நாற்காலி, பழுதான வேன் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். வேன் என்றால் ஏலத்துக்குப் போகும். நாய் என்றால் மருத்துவரிடம் போகும், திரும்பி வராது.

இந்த விதியை இப்போது தூசி தட்டக் காரணம், எங்கள் பழைய ஹேண்ட்லர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படம். பிரிவில் இப்போது செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை கொடுக்கிறார்களாம். நாய் எந்தக் காட்டுக்குள் போனாலும் போனில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். என்னோடு பணியாற்றிய செல்வம் உடனே எழுதினான்: "இனிமே நாய் ஓடுனா டென்ஷன் இல்ல லா. போன்லயே பாத்துக்கிட்டு இருக்கலாம்." நான் பதில் போட்டேன்: "ஆமா, பாத்துக்கிட்டேதான் இருக்கலாம்."

நாய் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு. கூப்பிட்டால் வருவது வேறு. இப்போது பணியில் இருப்பவர்கள் சிலர், அந்தக் காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதுங்கள் அண்ணே என்றார்கள். சமாளித்தோம் என்பது கொஞ்சம் பெரிய சொல். நடந்ததை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன் நான். பினாங்குத் தீவின் கெலுகோரில் வீடு, கெலுகோரிலேயே பல்கலைக்கழகம். பட்டம் வாங்கியும் பஸ் ஏறவில்லையே என்று அப்பா கேலி செய்வார். வேலை இல்லாமல் இருந்த நேரத்தில் தீயணைப்பு, மீட்புத் துறையில் ஆள் எடுத்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடும் நாய்களுக்கு ஹேண்ட்லர் வேண்டும் என்றார்கள். நாய் என்றால் பயமா என்று ஒரே கேள்வி. இல்லை என்று பொய் சொன்னேன். பெருநிலத்தில் பயிற்சி முகாம். முதலில் கூண்டு கழுவக் கற்றேன், அப்புறம் காத்திருக்கக் கற்றேன், கடைசியில் அறிக்கை எழுதக் கற்றேன். பணிக்காலம் முழுவதும் இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

தீவுக்குத் திரும்பியபோது பிரிவின் தலைவர் மேடம் கோ. பினாங்கில் பிறந்து வளர்ந்த ஹொக்கியன் சீனப் பெண்மணி. ஒல்லியான உடம்பு. மேசையில் எப்போதும் பார்லித் தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன், இரண்டு சொற்களைத் தவிர.

முதல் சொல் "லெப்பாஸ் இத்து". அதற்குப் பிறகு என்று பொருள். நீங்கள் ஒரு தவறைப் பற்றிச் சொல்லப் போயிருப்பீர்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த காரணம் கையில் இருக்கும். மேடம் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னதும், "லெப்பாஸ் இத்து?" அடுத்த வாக்கியம் சொல்வீர்கள். மறுபடி அதே கேள்வி, அதே குரலில். கோபம் இருக்காது, அக்கறையும் இருக்காது. காரணம் தீர்ந்து, சாக்கு தீர்ந்து, கடைசியில் நடந்தது மட்டும் மிஞ்சும். அதைச் சொன்ன பிறகுதான் பார்லித் தண்ணீரை ஊற்றிக் குடிப்பார்.

இரண்டாவது சொல் "போலே". ஆகட்டும், பரவாயில்லை என்ற அளவில் ஒரு சொல். அவர் பாராட்டு அதோடு முடிந்துவிடும். அதுவும் சிக்கனமாகத்தான் வரும்.

பல ஆண்டுகள் கழித்து எனக்குக் கொடுத்த கடைசி நாய் ஒரு ஸ்பேனியல். பழுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டை. காகிதத்தில் பெயர் ஃபீனிக்ஸ். வந்த முதல் நாளே பயிற்சித் திடலில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதுபோல முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிவிட்டதால், மலாயில் கிழங்கு என்று பொருள்படும் "ஊபி" என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆளைச் சுற்றி வளைத்துக் கண்டுபிடித்துவிடும். எங்கள் முறையில், ஆளைக் கண்ட நாய் ஹேண்ட்லரிடம் ஓடி வந்து முன்னங்கால்களால் முழங்காலில் அடிக்க வேண்டும். பிறகு நம்மை அழைத்துப் போக வேண்டும். ஆகவே திரும்பி வராத நாய் எதைக் கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காத மாதிரிதான்.

ஊபி திரும்பி வரும். ஆனால் என் முன்னால் இரண்டு கை தூரத்தில் வந்து நிற்கும். வாலை ஆட்டும். நான் ஓர் அடி வைத்தால் அது ஓர் அடி பின்னால் போகும். கையை நீட்டினால் உடம்பை வளைத்து நழுவும். திட்டினால் இன்னும் தூரம். கெஞ்சினால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

நீளக் கயிற்றில் கட்டிப் பழக்கினேன். கயிறு இருக்கும்வரை ஊபியைப்போல அடக்கமான நாயைப் பார்க்க முடியாது. கூப்பிட்டதும் அம்பாக வந்து காலடியில் உட்காரும். கயிற்றை அவிழ்த்த நொடியில் பழையபடி இரண்டு கை தூரம். கழுத்தில் தொங்கும் எடையை அது தெரிந்து வைத்திருந்தது.

செல்வத்துக்கு இது பெரிய கொண்டாட்டம். அவனிடம் இருந்தது பெல்ஜியன் நாய், பெயர் ராஜா. கூப்பிட்டால் சுவரை இடித்துக்கொண்டு வரும்.

"என்னா குணா, ஒன் நாய் ஒன்ன பாத்து டேட்டிங் வெச்சிருக்கா? கிட்ட வரவும் மாட்டேங்குது, போவவும் மாட்டேங்குது."

"ஒன் ராஜா வர்றது ஒன் மேல உள்ள பாசத்துலயா? பயத்துல."

"பயமோ பாசமோ, கைக்கு வருதுல்ல? நீ ரெண்டு நாளு பட்டினி போட்டுப் பாரு."

பட்டினி போடவில்லை.  சரோஜா, என் மனைவி, சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்பாள்: "இன்னிக்கு வந்துச்சா?" மற்ற வீடுகளில் சம்பளம் வந்ததா என்று கேட்பார்கள்.

முதல் தவறு தீவின் தெற்கே ஒரு மலைக்காட்டோரம் நடந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் நடைப்பயிற்சிக்குப் போனவர் திரும்பவில்லை என்று அழைப்பு. ஊபியை அவிழ்த்துவிட்டேன். சிறிது நேரத்தில் ஆசிரியர் காப்பிக்கடை ஒன்றில் ரொட்டி பாக்கார் என்ற சுட்ட ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. தேடுதல் முடிந்தது, நாயைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. முதல் அழைப்பு. இரண்டு கை தூரம். இரண்டாம் அழைப்பு. சிரிப்பது போல ஒரு முகம். மூன்றாம் அழைப்பு. மரங்களுக்குள் போய்விட்டது. பொழுது சாய்கிறவரை அதன் கழுத்து மணியோசையைப் பின்தொடர்ந்து அலைந்தேன். கடைசியில் அதுவாகவே வந்தது, செல்வம் வேனில் பிரித்துவைத்திருந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்துக்கு. அவன் கோழித்துண்டு பறிபோயிற்று. ஊபிக்கு ஒரு தவறு பதிவாயிற்று. இன்னும் ஒன்று பதிவானால் அடுத்த பக்கம்.

மறுநாள் மேடம் முன்னால் நின்றேன்.

"நாய் கூப்பிட்டால் வரவில்லை, மேடம். குரங்குகளின் வாடை கவனத்தைக் கலைத்திருக்கும்."

"லெப்பாஸ் இத்து?"

"ஈரக் காற்று. என் குரல் சரியாகக் கேட்டிருக்காது."

"லெப்பாஸ் இத்து?"

கேட்டுவிட்டுத்தான் வால் ஆட்டியது என்பதை ஒப்புக்கொண்டேன். காரணங்கள் தீர்ந்துவிட்டன. போகலாம் என்று நினைத்தபோது மேடம் வேறு பக்கமிருந்து தொடங்கினார்.

"சரி. நாய் வந்துவிட்டதுன்னு வெச்சுக்கோ. அப்புறம் நீ என்ன செய்வே?"

"கொக்கியை மாட்டுவேன், மேடம். விதி."

"லெப்பாஸ் இத்து?"

"வேனுக்குக் கூட்டிப்போவேன்."

"லெப்பாஸ் இத்து?"

"கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்துவேன்."

"லெப்பாஸ் இத்து?"

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.  எங்கள் பிரிவில் பயிற்சி முடியும் நேரத்தில் எல்லா ஹேண்ட்லர்களும் திடலில் வரிசையாக நின்று நாய்களைக் கூப்பிடுவோம். அழைப்பு, கொக்கி, வேன், கூண்டு. தினமும் அதே வரிசை. நாங்கள் நாய்க்குச் சொல்லிக்கொடுத்திருந்தது "வா" என்பதல்ல. "உன் சந்தோஷம் இத்துடன் முடிந்தது" என்பதை. புத்திசாலி நாய் எதுவாக இருந்தாலும் இரண்டு கை தூரத்தில் நின்று கொஞ்சம் பேரம் பேசத்தான் செய்யும். ராஜாவுக்கு அந்த அளவு புத்தி இல்லை என்று செல்வத்திடம் பிறகு சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

மேடம் பார்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

படித்தவன் செய்வதை நானும் செய்தேன். தலைமையகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். பயிற்சிக் காலத்தில் மட்டும், திரும்பிவந்த நாய்க்குக் கொக்கி மாட்டாமல், தின்னக் கொடுத்து மறுபடி ஓடவிட அனுமதி வேண்டும், காரணங்கள் இணைப்பில். மலாய் இலக்கணம் பிசகாமல் எழுதியிருந்தேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். வாரங்கள் போயின. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டல் கிடைத்ததாகக்கூடப் பதில் இல்லை.

"அனுமதி வராமல் நான் விதியை மீற முடியாது, மேடம்."

"யார் உன்னை மீறச் சொன்னா? விதியை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். எனக்கு மனப்பாடம். கையேட்டைப் பார்க்காமல் முழுவதையும் சொல்லக்கூடியவன் என்று எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

"திரும்பினதும் கொக்கியை மாட்டணும். மாட்டு. அப்புறம் அவிழ். அவிழ்க்கக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. அத்தனை காலம் அந்தப் பக்கத்தைப் படித்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து பாயான் பாரு தொழிற்பேட்டைக்குப் பின்னால், வேலி போட்ட காலி நிலம் ஒன்றில் எங்கள் பாடம் தொடங்கியது. நடைமுறை இதுதான். ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். வராது என்று தெரிந்தால் கூப்பிடவே கூடாது. பதில் வராத ஒவ்வோர் அழைப்பும், இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று நாய்க்குக் கற்றுக்கொடுக்கும். வந்ததும் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, தாடைக்குக் கீழே கொடுக்க வேண்டும். கொக்கியை மாட்ட வேண்டும். டக். உடனே அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. கொக்கியை அவிழ்க்க வேண்டும். டக். "போ!" என்று விரட்டிவிட வேண்டும். இப்படியே மறுபடி மறுபடி. கூண்டுக்குப் போகிற கொக்கி எது, ஈரலுக்குப் போகிற கொக்கி எது என்று அதற்கே தெரியாமல் போக வேண்டும்.

நீளக் கயிற்றையும் விடவில்லை. தடித்த கயிற்றுக்குப் பதிலாக மெல்லிய கயிறு, அதற்குப் பதிலாக மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய நைலான் நூல், அதையும் வெட்டி வெட்டி விரல் நீளத்துக்குக் கொண்டுவந்தேன். கழுத்தில் எடை இருக்கிறதா இல்லையா என்பதை ஊபி மறந்துபோனது. தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து போகும் பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஒருத்தி கேட்டாள், "அண்ணே, புடிக்கிறீங்க, அப்புறம் உட்டுடுறீங்க. ஒங்களுக்கே தெரியலியா என்னா வேணும்னு?"

சரோஜா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து காட்டினாள். "நம்ம வீட்டுல மீன் வெக்க எடமில்ல. ஈரல், ஈரல், ஈரல். அந்த ஊபிப் பொண்ண இங்கேயே கூட்டியாந்து வெச்சிக்குங்க."

ஊபி கைக்கு வரத் தொடங்கியது. வேலிக்குள்ளே. வேலி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி வேலி இல்லாத இடத்துக்குப் போவது. அங்கே தவறினால் அதுவே கடைசித் தவறு. மருத்துவரின் அறையில் இருந்த இரும்பு மேசையை நான் ஒருமுறை வேறொரு நாயோடு போய்ப் பார்த்திருக்கிறேன். ஊபியின் கொக்கியைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேசை கண்ணில் வரும். சரிபார்த்ததையே மறுபடி சரிபார்ப்பேன்.

அழைப்பு தீவின் மேற்கே இருக்கும் பாலிக் புலாவிலிருந்து வந்தது. டுரியான் பருவம். ஆ செங் என்ற தோட்டக்காரர் விடியற்காலையில் விழுந்த பழம் பொறுக்கப் போனவர் திரும்பவில்லை. நீரிழிவுக்காரர், காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்று அவர் மகன் சொன்னார். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். எதைச் செய்வது என்று தெரியாமல் கையில் அப்பாவின் தொப்பியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

மலைச்சரிவு முழுக்க டுரியான் மரங்கள், இடையிடையே ஜாதிக்காய். பழம் விழாமல் தாங்க மரங்களுக்குக் கீழே வலை. முள்ளும் கனமுமான பழம் மேலே விழலாம் என்று நாங்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டோம். ராஜாவுக்குக் கால் சுளுக்கு என்பதால் இருந்தது ஊபி மட்டும். தோட்டத்தின் அடியில் தார்ச்சாலை. பழம் ஏற்றும் லாரிகள் வளைவில் வேகம் குறைக்காமல் போய்க்கொண்டிருந்தன. ஊபிக்குத் தொப்பியை மோப்பம் காட்டினேன். கழுத்தில் மணியைக் கட்டினேன். அவிழ்த்துவிடுகிற விரல்கள் ஈரமாக இருந்தன.

மணியோசை மேலே போயிற்று, இடப்பக்கம் திரும்பிற்று. எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது ஒரு குரங்குக் கூட்டம் மரத்திலிருந்து மரத்துக்குத் தாவிக் கீழே இறங்கியது. மணியோசையும் அதன் பின்னால் இறங்கியது, சாலையை நோக்கி.

கூப்பிட்டேன். மரங்களுக்கு இடையே ஊபியின் முகம் ஒரு நொடி திரும்பியது. திரும்பிய முகம் மறுபடி குரங்குகளை நோக்கிப் போயிற்று. இரண்டாவது முறை கூப்பிட்டேன். இந்த முறை முகமும் திரும்பவில்லை. முள்வேலியின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

தோட்டத்து ஆட்கள் ஓடினார்கள். "ஊபி! ஊபி!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். துரத்தினால் நாய்க்கு அது விளையாட்டு. இன்னும் வேகமாக ஓடும், லாரிக்கு நேராக.

"யாரும் ஓடாதீங்க! கூப்பிடாதீங்க! அப்படியே நில்லுங்க!"

செல்வம் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய் குணா, என்னாடா மரம் மாதிரி நிக்கிற? கூப்புடுறா!"

"கூப்புட மாட்டேன்."

"ரோட்டுக்குப் போவுதுடா! பைத்தியமா ஒனக்கு?"

நான் சாலைக்கு முதுகைத் திருப்பினேன். சரிவில் மேல்நோக்கி நடந்தேன். நாயைக் கைவிட்டுப் போவதுபோல. நாய் தன்னைத் துரத்துகிறவனிடமிருந்து ஓடும், தன்னை விட்டுப் போகிறவனைப் பார்க்க வரும். பயிற்சியில் அது பலமுறை பலித்தது. பயிற்சியில் லாரி கிடையாது. கொஞ்ச தூரம் போய்க் குந்தினேன். இரண்டு கையாலும் தரையைக் கிளறினேன். "அடடா, இங்க பாரேன்! என்னா இது! யம்மாடி!" என்று மண்ணைக் கொஞ்சத் தொடங்கினேன். குரலில் மகிழ்ச்சி இருக்க வேண்டும். நடுக்கம் இருந்தால் நாய்க்குத் தெரிந்துவிடும்.

ஆ செங்கின் மகன் தொப்பியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவைத் தேட வந்த அரசாங்க அதிகாரி மண்ணைக் கொஞ்சிக்கொண்டிருந்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

கீழே லாரியின் ஹாரன், நீளமாக. பிரேக் பிடிக்கிற கிறீச். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. மணியும் இல்லை.  திரும்பிப் பார்த்தால் நான் தொடங்கியது பாழாகிவிடும், பார்க்காமல் இருந்தால் ஊபி உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவில், நகத்தில் மண் ஏற, கொஞ்சிக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. செல்வம் பிறகு சொன்னான், நான் சரோஜாவின் பெயரையெல்லாம் சொன்னேனாம்.

முதலில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு மணி. பிறகு என் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஈரமான ஒரு மூக்கு நுழைந்து, நான் தோண்டிய பள்ளத்தை எட்டிப் பார்த்தது. இரண்டு கை தூரத்தில் அல்ல.

தாடைக்குக் கீழே கையைக் கொடுத்தேன். கொக்கி. டக்.

 கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். வேனுக்குப் போய்விடலாம், கதவைச் சாத்திவிடலாம், ஊபி பிழைத்துவிடும் என்று தோன்றியது. ஈரலைக் கொடுத்தேன். நிமிர்ந்தபோது பாதையின் மேட்டில் மேடம் கோ நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெப்பாஸ் இத்து?" என்றார்.

தேடுதல் முடியவில்லை. ஆ செங் எங்கேயோ கிடந்தார். இப்போது ஊபியைக் கூண்டில் ஏற்றினால், அத்தனை மாத ஈரலும் பொய் என்று அது முடிவு செய்துவிடும். அவிழ்த்தால், அதே சரிவு, அதே சாலை, அதே லாரிகள்.

மணிக்கட்டில் சுற்றியதைப் பிரித்தேன். தொப்பியை மறுபடி முகரக் கொடுத்தேன். கொக்கியை அவிழ்த்தேன். டக்.

"டேய்!" என்றான் செல்வம்.

"போ!" என்றேன் ஊபியிடம்.

அது சாலைப் பக்கம் போகவில்லை. ஜாதிக்காய் மரங்களைத் தாண்டி, ஓடை இருக்கும் பள்ளத்தில் இறங்கியது. மணியோசை மெலிந்து, நின்றது. நின்ற மணிக்கு இரண்டு பொருள் உண்டு: ஆளைக் கண்டுவிட்டது, அல்லது மணி கேட்காத தூரம் போய்விட்டது. கூப்பிட வேண்டும்போல் நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். எல்லோரும் நின்றார்கள். எங்கோ ஒரு டுரியான் வலையில் தொப்பென்று விழுந்தபோது ஆ செங்கின் மகன் உட்கார்ந்தே விட்டார்.

மணி மறுபடி கேட்டது. வயிறெல்லாம் சேறாக ஊபி நேராக வந்து, முன்னங்கால் இரண்டையும் என் முழங்காலில் அடித்தது.

ஆ செங் ஓடைப் பாறைகளுக்கு இடையில் கால் சிக்கி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, வேர்த்து ஊற்றி, ஆனால் பேச்சு குறையவில்லை. மகன் இனிப்புத் தண்ணீரை ஊட்டினார். பெரியவர் என்னிடம் முறையிட்டார்: "இந்த நாய் வந்துச்சு, என்னைப் பாத்துச்சு, உடனே போயிருச்சு. நான் நெனச்சேன், இதுவும் என் மகன் மாதிரிதான், வரும், தலையைக் காட்டும், போயிரும்." மகன் சிரித்துக்கொண்டே அழுதார்.

மாலையில் மேடத்தின் அறை. அறிக்கை எழுதுவதற்கு முன் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும்.

"நாய் சாலைக்குப் போனப்போ எத்தனை தடவை கூப்பிட்டே?"

"இரண்டு தடவை, மேடம். வரவில்லை."

"மூன்றாவது தடவை?"

"கூப்பிடவில்லை."

"லெப்பாஸ் இத்து?"

"வந்தது."

மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். "மூன்றாம் அழைப்புக்கும் திரும்பாத நாய்னுதான் விதி. மூன்றாம் அழைப்பே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுது." வாசலை அடைந்தபோது பின்னாலிருந்து கேட்டது: "போலே."

நான் மூன்றாவது முறை கூப்பிடாதது பயிற்சியினாலா, விதியினாலா என்று செல்வம் இன்றும் கேட்பான். அந்த நேரத்தில் என் தலைக்குள் இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்று சொல்வேன். அவன் நம்புவதில்லை.

ஊபி அதன்பிறகு பல தேடுதல்களுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவிழ்க்கும்போது என் விரல்கள் ஈரமாகத்தான் இருந்தன. பழக்கம் பயத்தைப் போக்கிவிடும் என்பார்கள், எனக்குப் போக்கவில்லை. மேடம் ஓய்வு பெற்றார். ஊபி ஓய்வு பெற்றது. ஊபியை வீட்டுக்குக் கொண்டுபோக எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கினேன். அடுத்து நானும் ஓய்வு பெற்றேன். இப்போது கெலுகோரில் எங்கள் தெரஸ் வரிசை வீட்டில் மூன்று கிழங்கள். ஊபிக்குக் காது முழுக்கப் போய்விட்டது. இத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த அழைப்பு இனி அதற்குக் கேட்காது. கேட்டை மூடினேனா என்று படுக்கையிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.  நான் திரும்பி வந்து படுத்ததும் சரோஜா எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

சில வாரங்களுக்கு முன் தபால்காரர் வந்தார். கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் பாதி சாலைகள் அடைத்துக் கிடந்தன. அவசரத்தில் ஒரு நீள உறையைக் கையில் திணித்துவிட்டு, கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டார். தலைமையகத்தின் முத்திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது ஊபி சாலையின் நடுவில் இருந்தது. தூரத்தில் மேளச் சத்தம். வரிசையாகக் கார்கள் வேறு வழி தேடி எங்கள் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. கூப்பிட்டுப் பயனில்லை. ஓடினால் அதுவும் ஓடும்.

வாசல் தரையில் உட்கார்ந்து, சாலைக்கு முதுகைக் காட்டினேன். மண் இல்லை, சிமெண்டு. கையில் இருந்தது அந்த உறை மட்டும். அதைக் கிழித்து, கடிதத்தை எடுத்துத் தரையில் விரித்து, இரண்டு கையாலும் தடவித் தடவி, உலகத்தில் இதைவிடச் சுவையான பொருள் இல்லை என்பதுபோல் குனிந்து படித்தேன். என் பழைய விண்ணப்பத்துக்குப் பதில்: ஃபீனிக்ஸ் என்ற நாய்க்கு மட்டும், சோதனை முறையில், பயிற்சிக் காலத்தில் திரும்பியதும் கொக்கி மாட்டாமலிருக்க அனுமதி வழங்கப்படுகிறது. முடிவை எழுத்து மூலம் தெரிவிக்கவும். ஒரு கார் ஹாரன் அடித்தது. நான் திரும்பவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை படித்தேன்.

என் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு மூக்கு நுழைந்து, கடிதத்தை முகர்ந்தது.

கேட்டை மூடிவிட்டு வந்து, அலுவலக வழக்கப்படி கடிதத்தின் மேல் மூலையில், ஈரம்படாத இடமாகப் பார்த்து, கிடைத்த நாளைக் குறித்தேன்: தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் புறப்பட்ட நாள்.